டைஜோபு என்றால் "சரி" என்றா, "வேண்டாம்" என்றா?

கோவை_புதுசு:

வணக்கம். டோக்கியோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊரில் இருக்கும்போதே ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுதித் தேறியவன். ஓரளவு பேச வரும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை ஒரே ஒரு சொல் கவிழ்த்துவிட்டது.

முதல் வாரம் ரயில் நிலையப் படிக்கட்டில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பெரியவர் ஒருவர் "டைஜோபு டெஸ் கா?" என்றார். அடி ஏதும் படவில்லையே என்று கேட்கிறார். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். நானும் "டைஜோபு டெஸ்" என்று தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்தது கொம்பினி, அதாவது தெருமுனைச் சின்னப் பல்பொருள் கடை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கல்லாவில் இருந்தவர் பை வேண்டுமா என்று கேட்டார். அவர் "டைஜோபு டெஸ்" என்றார். பை கொடுக்கவில்லை. ஓஹோ, மரியாதையாக வேண்டாம் என்று சொல்வதும் இப்படித்தான் போல என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் வினை. நான் சைவம். அலுவலகத்தில் உள்ளவர்களோடு மதியம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பரிமாற வந்த அம்மாவிடம் நானே முந்திக்கொண்டு "நிகு வா டைஜோபு டெஸ்" என்றேன். "நிகு" என்றால் இறைச்சி. இறைச்சி வேண்டாம் என்று சொன்னதாக என் கணக்கு. அந்த அம்மா முகம் மலர்ந்து தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வந்த தட்டில் சோறே தெரியாத அளவுக்குப் பன்றி இறைச்சி.

கொஞ்சம் விளக்குங்கள். இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? சரி என்பதும் இதுவே, வேண்டாம் என்பதும் இதுவே என்றால் ஜப்பான்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

ரயில்பிரியன்:

பன்றி டைஜோபுவாக இருந்ததா?

கோவை_புதுசு:

பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். நான் மிசோ சூப்பும் முட்டைக்கோசும் சாப்பிட்டு வந்தேன்.

ரயில்பிரியன்:

அந்த மிசோ சூப்பில் என்ன இருக்கும் என்று இப்போது சொல்லமாட்டேன். உங்கள் மனம் நோகும்.

ஒசாகா_அக்கா:

தம்பி, நீங்கள் மூன்று இடத்திலும் பதிலை மட்டும் கவனித்திருக்கிறீர்கள். கேள்வியைக் கவனிக்கவில்லை. சிக்கல் அங்கேதான்.

நான் இங்கே வந்து பதினாலு வருடம் ஆகிறது. வயிற்றுப்பாட்டுக்கு மொழிபெயர்ப்பு. இந்தச் சொல்லை "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. "இப்போது இருக்கிறபடியே குறை ஒன்றும் இல்லை, நீங்கள் மெனக்கெட வேண்டாம்" என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மூன்று கதைக்கும் அதைப் பொருத்திப் பாருங்கள்.

படிக்கட்டில் விழுந்தீர்கள். குறை ஒன்றும் இல்லை. சரி. பை வேண்டுமா என்று கேட்டார்கள். பை இல்லாமலே குறை ஒன்றும் இல்லை. ஆக, வேண்டாம். உங்கள் கதையிலோ யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்களே இறைச்சியைப் பேச்சில் இழுத்து, அதில் குறை ஒன்றும் இல்லை என்று அறிவித்தீர்கள். இறைச்சி எனக்கு ஒத்துக்கொள்ளும் என்றுதான் அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும். பார்க்க வெளிநாட்டுக்காரர், ஒருவேளை சாப்பிடமாட்டாரோ என்று ஒரு தயக்கம் அவருக்கு இருந்திருக்கும். நீங்களே தீர்த்துவைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

இங்கே விருந்துக்கு அழைப்பவர்கள் முன்கூட்டியே "நிகு வா டைஜோபு டெஸ் கா?" என்று கேட்பார்கள். இறைச்சி சாப்பிடுவீர்களா, ஒத்துக்கொள்ளுமா என்று பொருள். அதற்கு "டைஜோபு டெஸ்" என்றால் சாப்பிடுவேன் என்று ஆகிவிடும். அதையே பரிமாறும்போது "இன்னும் கொஞ்சம் இறைச்சி வைக்கட்டுமா?" என்ற கேள்விக்குச் சொன்னால் போதும், வேண்டாம் என்று ஆகும். பதில் ஒன்று, கேள்வி இரண்டு.

உணவகத்தில் உட்கார்ந்து கவனியுங்கள், வேடிக்கையாக இருக்கும். தண்ணீர் இன்னும் ஊற்றட்டுமா என்று கேட்கிறார்கள், "டைஜோபு டெஸ்" என்கிறீர்கள், ஊற்றாமல் போய்விடுகிறார்கள். தட்டை எடுக்கலாமா என்று "ஒசகே ஷிதே மோ டைஜோபு டெஸ் கா?" என்கிறார்கள், "ஹாய், டைஜோபு டெஸ்" என்கிறீர்கள், எடுத்துப் போகிறார்கள். கார்டு வாங்குவீர்களா என்று நீங்கள் கேட்பதற்கும் "காடோ டைஜோபு டெஸ் கா?" தான். நாளைக்கு உங்களுக்கு நேரம் இருக்குமா? "அஷ்தா டைஜோபு?"

வேண்டாம் என்று சொல்லும்போது பலர் கையையும் சேர்த்துக்கொள்வார்கள். உள்ளங்கை பக்கவாட்டில் தெரிய, முகத்துக்கு முன்னால் விசிறி போல இரண்டு ஆட்டு. அந்தக் கை ஆடினால் நூற்றுக்கு நூறு வேண்டாம்தான்.

இனி கடையில் "நிகு நுகி டே ஒனெகாய் ஷிமாஸ்" என்று சொல்லுங்கள். இறைச்சியை நீக்கித் தாருங்கள் என்று பொருள். இல்லையென்றால் "நிகு மோ சகானா மோ தபெராரெமாசென்". இறைச்சி, மீன் இரண்டும் சாப்பிட முடியாதவன். வெறுமனே பெஜிதேரியன் என்றால் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உங்களுக்கு நல்லது செய்துவிட்ட மகிழ்ச்சியோடு நிற்பார்கள். மிசோ சூப்பைப் பற்றி ரயில்பிரியன் சொல்ல வந்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். அதன் அடித்தளமான தாஷி பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவியதில் இறக்கியது.

கோவை_புதுசு:

மூன்று மாதமாகத் தினமும் குடிக்கிறேன் அக்கா.

தயிர்சாதம்:

தமிழ்நாட்டுக்காரர் இதற்கு ஏன் திகைக்க வேண்டும்? நம் "பரவாயில்லை" இதே வேலையைத்தானே செய்கிறது?

காலை மிதித்துவிட்டு மன்னிச்சுக்குங்க என்றால் "பரவாயில்லை". காபி போடட்டுமா என்றால் "பரவாயில்லைங்க", அதாவது வேண்டாம். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றால் "இப்ப பரவாயில்லை". நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை, வாங்க. நான்கு இடத்திலும் "டைஜோபு" போட்டுப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும்.

சொல்லின் உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட அதேதான். "பர்வா" என்பது உருது வழியாக வந்த பாரசீகச் சொல், கவலை என்று பொருள். கவலை இல்லை என்பதுதான் பரவாயில்லை. அக்கா சொன்ன "குறை ஒன்றும் இல்லை" எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

ஒசாகா_அக்கா:

நல்ல பொருத்தம், முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் இடிக்கும். "படம் எப்படி?" "பரவாயில்லை." சுமார்தான், ஆனால் மோசமில்லை என்கிறோம். அந்த இடத்தில் டைஜோபு வராது. அதற்கு "மா மா" என்ற தனிச்சொல் இருக்கிறது. சமைத்துப் போட்டவர் சாப்பாடு எப்படி என்று கேட்டு நீங்கள் டைஜோபு என்றீர்களானால், சாப்பிட்டால் ஆபத்தில்லை என்று சான்றிதழ் கொடுத்த மாதிரி இருக்கும்.

தயிர்சாதம்:

என் மாமியார் வீட்டில் அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

யாழ்_காற்று:

வேண்டாம் என்ற பொருளுக்கு மட்டும் என்றால் "இருக்கட்டும்" தான் இன்னும் கிட்ட வரும் என்று நினைக்கிறேன். எங்கட பக்கம் சோறு போட வந்தால் தட்டுக்கு மேல கையை மறிச்சு "காணும், காணும்" என்போம். போதும் என்று அர்த்தம். அது தெளிவான மறுப்பு, ஒருவரும் குழம்ப மாட்டினம். "இருக்கட்டும்" அப்படி இல்லை. "நீங்கள் தர நினைச்சதே பெரிசு, பொருள் அங்கேயே இருக்கட்டும்" என்ற ஒரு வளைவு அதில இருக்கு. டைஜோபுவிலயும் அந்த வளைவைத்தான் கேட்கிறேன். "இரிமாசென்", எனக்குத் தேவையில்லை, என்று நேராகச் சொன்னால் முகத்தில அடிச்ச மாதிரி இருக்குமெண்டுதானே இதைப் பிடிச்சிருக்கினம்?

ஒசாகா_அக்கா:

ஆமாம், அதேதான். இதற்கு முன்னால் அந்த இடத்தில் "கெக்கோ டெஸ்" என்று ஒன்று இருந்தது, இன்னமும் இருக்கிறது. அதற்கும் இரட்டை முகம்தான். "கெக்கோ" என்றால் அருமை, போதுமானது. "கெக்கோ டெஸ் நே" என்று இழுத்தால் நன்றாக இருக்கிறதே என்ற பாராட்டு. வெட்டென்று "கெக்கோ டெஸ்" என்றால் வேண்டாம், கிளம்பு. கதவைத் தட்டும் விற்பனையாளரிடம் சொல்கிற தொனி. இளையவர்களுக்கு அது கடுமையாகப் பட்டிருக்க வேண்டும், டைஜோபுவுக்கு மாறிவிட்டார்கள்.

இதைக் குறை சொல்லும் வயதானவர்கள் இங்கே உண்டு. "டைஜோபு என்கிறார்களே, வேண்டுமா வேண்டாமா?" என்று என் வீட்டுக்காரப் பாட்டியே அலுத்துக்கொள்வார். டைஜிசென் அகராதியிலும் இந்தப் புதிய பழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு இருக்கிறது. தேவை, தேவையில்லை, முடியும், முடியாது எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று. ஆகவே தம்பி, தவித்தது நீங்கள் மட்டும் இல்லை.

பினாங்கு_மணி:

நான் பினாங்கில் சீனப் பள்ளியில் படித்தவன். என் தவிப்பு வேறு மாதிரி. டைஜோபுவை எழுதும் மூன்று எழுத்தும் சீன எழுத்துகள். மாண்டரினில் அதை "தா ஜாங்ஃபு" என்று படிப்போம். முதலெழுத்து "பெரிய". பின்னிரண்டும் சேர்ந்து "ஜாங்ஃபு", அப்படியென்றால் இன்றைய சீனத்தில் கணவன்.

சின்ன வயதில் ஜப்பானியப் படக்கதை ஒன்று கையில் கிடைத்தது. ஜப்பானிய மொழி தெரியாது, எழுத்துகளை மட்டும் சீனமாகப் படித்துக்கொண்டு போனேன். ஒரு பெண் கீழே விழுகிறாள். தோழி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு "பெரிய கணவனா?" என்று கேட்கிறாள். விழுந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "பெரிய கணவன்" என்கிறாள். பல பக்கங்களுக்கு அந்தப் பெரிய கணவனைத் தேடினேன். கடைசிவரை வரவில்லை.

ரயில்பிரியன்:

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் தலையாய பதிவு.

இலக்கணப்பூச்சி:

மணி அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கொஞ்சம் நீளும்.

நடு எழுத்து "ஜோ", ஒரு நீள அளவை. கடைசி எழுத்து ஆண். ஒரு ஜோ உயரமுள்ள ஆண், அதாவது வளர்ந்து முழு ஆளானவன் என்று கணக்கு. இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். இன்றைய ஜப்பானிய அளவில் ஒரு ஜோ என்பது பத்து ஷாகு, ஏறத்தாழ 3.03 மீட்டர். மூன்று மீட்டர் ஆள் ஏது? பழைய சீனத்தில் அந்த அளவு இதைவிடச் சிறியது, ஒரு ஆள் உயரத்தை ஒட்டி வரும் என்று விளக்குகிறார்கள். அளவை காலப்போக்கில் நீண்டுவிட்டது, சொல் பழைய அளவிலேயே நின்றுவிட்டது.

சாதாரண ஆளுக்கு "பெரிய" சேர்ந்தால் மாமனிதன். கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் மென்சியஸ் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த இலக்கணம் புகழ்பெற்றது. செல்வமும் பதவியும் கெடுக்க முடியாதவன், வறுமை அசைக்க முடியாதவன், படைபலம் வளைக்க முடியாதவன், அவனே தா ஜாங்ஃபு.

இப்போது நம் பக்கம் ஒரு வாசல் திறக்கிறது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் சமஸ்கிருதத்தின் "புருஷ" என்ற சொல்லுக்கு இந்த "ஜாங்ஃபு"வைத்தான் வைத்தார்கள். புத்தரின் பத்துப் பட்டங்களில் ஒன்றை ஜப்பானியக் கோயில்களில் "ஜோகோ ஜோபு" என்று ஓதுவார்கள். அடங்காத மனிதரை அடக்கி ஓட்டும் சாரதி என்பது கருத்து. அங்கே வரும் "ஜோபு", புருஷனேதான். மகாபுருஷனுக்கு அதே வழியில் "பெரிய" சேர்த்து "டைஜோபு" என்ற அதே மூன்று எழுத்து.

சீனர்களுக்கு ஜாங்ஃபு என்றால் கணவன். நமக்கும் புருஷன் என்றால் கணவன். ஆண் என்ற சொல் இரண்டு ஊரிலும் தனித்தனியாக நடந்து ஒரே வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

ஜப்பானில் அது கணவன் ஆகவில்லை. "ஜோபு" என்பது உறுதியானது, எளிதில் உடையாதது என்று ஆயிற்று. "ஜோபு நா ஹாகோ" என்றால் உறுதியான பெட்டி. ஆள் போய் அவன் குணம் மட்டும் நின்றது. "டைஜோபு" மிக உறுதியானது ஆயிற்று. உறுதி என்றால் நம்பலாம், நம்பினால் ஆபத்தில்லை, ஆபத்தில்லை என்றால் கவலை வேண்டாம், கவலை வேண்டாம் என்றால் பையும் வேண்டாம்.

ரயில்பிரியன்:

ஆக, அஞ்சு யென் பை வேண்டாம் என்று சொல்ல மகாபுருஷனைக் கூப்பிடுகிறோம்.

இலக்கணப்பூச்சி:

ஆமாம். 2020 ஜூலை 1 முதல் ஜப்பான் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு என்று ஆன பிறகு மகாபுருஷனுக்கு வேலை கூடியிருக்கிறது.

இன்னொன்று, உச்சரிப்பு. ஜப்பானியர் சொல்லை மாத்திரை போல ஒலியளவாக எண்ணுவார்கள். ட, இ, ஜோ, உ, பு என்று ஐந்து. நம் எழுத்தில் டை இரண்டு, ஜோ இரண்டு, பு ஒன்று, மொத்தம் ஐந்து மாத்திரை. பொருந்துகிறது. ஜோவைக் குறிலாக்கிவிடாதீர்கள்.

தயிர்சாதம்:

ஐயா, உங்கள் பெயரே இலக்கணப்பூச்சி. சொல்லின் முதலில் வரும் ஐகாரத்துக்கு ஒன்றரை மாத்திரை. கடைசி பு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், அரை மாத்திரை. மொத்தம் நாலு. பொருந்தவில்லை.

இலக்கணப்பூச்சி:

ஜப்பானியனுக்குக் குறுக்கம் கிடையாது என்று வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

குமரிக்கண்டன்:

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ நிறுவியிருக்கிறார். டைஜோபு என்பது "தயவு" என்பதன் திரிபு. ஆராய்ந்தால் தெரியும்.

நெறியாளர்:

இழை திசைமாறும் முன் ஒரு வார்த்தை. சுசுமு ஓனோ (1919–2008) பெரிய அறிஞர், கக்குஷூயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டது உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. அந்த வாதம் சரியோ தவறோ, ஜப்பானிய மொழியின் சொந்தச் சொற்களை வைத்து நடந்தது. டைஜோபு சீனத்திலிருந்து வந்த சொல் என்று மேலேயே விளக்கியாகிவிட்டது. ஓனோவே இதைச் சான்றாக எடுக்கமாட்டார். ஓனோ பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள்.

குமரிக்கண்டன்:

தயவு கூடத் தமிழ் இல்லை என்பீர்கள்.

நெறியாளர்:

அதற்கும் தனி இழை இருக்கிறது.

ஃபுகுஷிமா_செல்வி:

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2019 ஏப்ரலில் தொடங்கினார்களே, "தொகுதெய் கினோ" என்ற திறன் தொழிலாளர் விசா, அதில் வந்தவள். எனக்கு இந்தச் சொல் வேறு பாடம் கற்றுக்கொடுத்தது.

வந்த புதிதில் ஒவ்வொரு அறையாகப் போய் "டைஜோபு டெஸ் கா?" என்று கேட்பேன். எல்லாப் பாட்டிகளும் "டைஜோபு, டைஜோபு" என்பார்கள். எனக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் ஒரு பாட்டிக்குச் சட்டை மாற்றும்போது மணிக்கட்டைப் பார்த்தேன். வீங்கி நீலம் பாரித்திருந்தது. முந்தின நாளே எங்கோ இடித்துக்கொண்டிருக்கிறார். அன்று காலையும் என்னிடம் டைஜோபு என்றுதான் சொன்னார். ஏன் பாட்டி சொல்லவில்லை என்று கேட்டதற்கும் "டைஜோபு" என்றே பதில் வந்தது.

என் மூத்த சகா அன்று மாலை உட்காரவைத்துச் சொன்னார். டைஜோபு டெஸ் கா என்று கேட்டால் டைஜோபு என்றுதான் வரும், அந்தக் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுக்கிறாய் என்றார். அதிலிருந்து "டோகோ கா இதாய் டெஸ் கா?", எங்கே வலிக்கிறது, என்று கேட்கிறேன். வலிக்கிறதா என்று கூடக் கேட்பதில்லை. எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பாட்டிகள் மட்டும் என்ன? "ஒண்ணுமில்லம்மா, நீ போய் வேலையப் பாரு." என் அம்மாச்சி கடைசிவரை ஒண்ணுமில்லம்மா என்றுதான் சொன்னார்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பக்கத்துத் தாத்தாக்கள் பலர் டைஜோபு என்றே சொல்லமாட்டார்கள். "சஸ்கெனே" என்பார்கள். முதல் மாதம் யாரோ சசுகே என்பவரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒசாகா_அக்கா:

செல்வி, பாட்டியின் மணிக்கட்டுக் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை.

சஸ்கெனே என்பது "சஷிட்சுகாயே நாய்" என்பதன் தேய்ந்த வடிவம் என்பார்கள். இடையூறு இல்லை என்று பொருள். எங்கள் ஒசாகாவில் "கமாஹென்". கவலைப்படவில்லை, பரவாயில்லை என்று பொருள். தயிர்சாதம் குறித்துக்கொள்ளவும், உங்கள் பரவாயில்லைக்கு உண்மையான சம்பந்தி இதுதான்.

நிஷிகசாய்_வாசி:

அலுவலகத்தில் இருப்பவர்களுக்காக என் பங்கு. பெயர் சொல்லாமல் சொல்கிறேன், முன்பு இருந்த நிறுவனம்.

மேலாளர் தினமும் சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்து "டைஜோபு?" என்பார். நான் "டைஜோபு டெஸ்" என்பேன். எனக்கு அது நலம் விசாரிப்பு. நம் ஊரில் சாப்டாச்சா என்று கேட்பது போல எடுத்துக்கொண்டேன். அவருக்கோ அது அன்றைய வேலை நிலவரம். ஒரு பகுதி முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது, அதை யாரும் குறிப்பாகக் கேட்கவில்லையே என்று நானும் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் உண்மை வெளியே வந்தது. "இரண்டு வாரமாக டைஜோபு என்றாயே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஹோரென்சோ" என்று இங்கே எல்லாப் புதியவருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அறிவித்தல், தகவல் தருதல், கலந்து பேசுதல் என்ற மூன்று சொல்லின் முதல் துண்டுகள். கீரை வகை ஒன்றின் பெயரும் அதேதான், அதனால் மறக்காது. எனக்கு மறக்கவில்லை, சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது டைஜோபு என்று கேட்டால், எது முடிந்தது, எது நிற்கிறது என்று இரண்டு வாக்கியமாவது சொல்கிறேன்.

மின்னஞ்சலில் இன்னும் ஆபத்து. "நாளை கூட்டம் டைஜோபு டெஸ்" என்று எழுதினால், வருகிறேன் என்றும் படிக்கலாம், கூட்டம் தேவையில்லை என்றும் படிக்கலாம். முகமும் இல்லை, ஆட்டும் கையும் இல்லை. கலந்துகொள்கிறேன் என்றால் "ஷுஸ்செகி ஷிமாஸ்" என்று வினைச்சொல்லோடு எழுதிவிடுங்கள். வாடிக்கையாளருக்கோ பெரிய அதிகாரிக்கோ எழுதும்போது டைஜோபு கொஞ்சம் வீட்டுப் பேச்சாகவும் தெரியும். அங்கே "மொந்தாய் கொசாய்மாசென்" என்றால் சிக்கல் ஏதும் இல்லை. அக்கா சொன்ன சஷிட்சுகாயேவும் அதன் மரியாதை வடிவத்தில் அங்கே வரும். தாத்தாக்களின் சஸ்கெனே கோட் சூட் போட்டுக்கொண்டு வருகிறது.

யாழ்_காற்று:

நிஷிகசாய் தம்பி, அந்த மேலாளரிட்ட பிறகு என்ன நடந்தது?

நிஷிகசாய்_வாசி:

இரவு பதினொன்றரை வரை என்னோடு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது "டைஜோபு?" என்றார். அன்று அவர் கேட்டது என்னை.

கோவை_புதுசு:

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கேள்வியைப் பார், பதிலைப் பார்க்காதே என்று அக்கா சொன்னதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். அதே சாப்பாட்டுக் கடைக்கு மறுபடியும் போய் "நிகு நுகி டே" என்றேன். அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. போன தடவை சாப்பிடவே இல்லையே, என் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன் என்றார். சங்கடமாகப் போய்விட்டது. குளிர்ந்த தோஃபு ஒன்று கூடுதலாக வைத்தார். மேலே கட்சுவோ சீவல் தூவியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்.

நேற்று கொம்பினியில் அலுவலகத்துக்காகச் சில பேட்டரிகள் வாங்கினேன். செலவுக் கணக்கில் சேர்க்க ரசீது வேண்டும். கல்லாவில் இருந்த பையன் வேகமாக ஏதோ கேட்டான். "ரெஷீத்தோ வா டைஜோபு டெஸ் கா?" என்று காதில் விழுந்தது. ரசீது, டைஜோபு. சரி, ரசீது தரலாமா என்று கேட்கிறான், தரட்டும் என்று "ஹாய், டைஜோபு டெஸ்" என்றேன். ரசீதைக் கசக்கிப் பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டுவிட்டான்.

ஒசாகா_அக்கா:

ஐயோ தம்பி. ரசீது இல்லாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லைதானே என்று அவன் கேட்டிருக்கிறான். நீங்கள் ஆமாம் என்றீர்கள். அடுத்த முறை "ரெஷீத்தோ குதசாய்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் அலுவலகம் முறையான ரசீது கேட்டால் "ரியோஷூஷோ".

கோவை_புதுசு:

கேள்வியையும்தான் கவனித்தேன் அக்கா. கேள்வியிலேயே டைஜோபு இருந்தால் என்ன செய்வது?

தயிர்சாதம்:

பேட்டரிக் காசு போனால் போகட்டும். பரவாயில்லை, விடுங்கள்.

கோவை_புதுசு:

எந்தப் பரவாயில்லை?